உயிரோடு புதைத்துவிடுவார்களோ?

கேள்வி: என் வயது 44. போன மாதம் நள்ளிரவில் ‘பிரிமெச்சூர் பரியல்’ என்ற பழைய ஆங்கிலத் திகில் படத்தைத் தனியாகப் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு முறை விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால் அசையவில்லை, கத்தவும் முடியவில்லை. ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. கதாநாயகனுக்கு இருந்த, செத்தவர்போல அசையாமல் கிடக்கவைக்கும் ‘கேட்டலெப்சி’ எனக்கும் இருக்குமோ? எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். மூன்று நாள் வைத்திருந்துதான் என்னை எடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். படுக்கும் முன் தினமும் நாடி பிடித்துப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள் டாக்டர்.

பதில்: சிரிக்கவில்லை. உங்களுக்கு முன்பே இதே மூன்று நாளைக் கேட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1799-ல் மரணப் படுக்கையில் தன் செயலாளரிடம் அப்படித்தான் சொன்னார். ஆல்ஃபிரட் நோபல், இறந்த பின் தன் ரத்தக் குழாய்களை வெட்டித் திறந்து பார்க்கச் சொல்லி உயிலிலேயே எழுதினார். ஸ்டெதஸ்கோப் 1816-ல்தான் வந்தது. அதற்கு முன் மூக்கருகே கண்ணாடி வைத்து ஆவி படிகிறதா என்று பார்த்த காலம். பயந்ததில் நியாயம் இருந்தது.

முதலில் உங்கள் விடியற்காலைச் சங்கதி. அது கேட்டலெப்சி அல்ல, தூக்க முடக்கம். நம் பாட்டிகள் அமுக்குவான் பேய் என்பார்களே, அதேதான். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில சமயம் நாம் விழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகும். மூச்சுத் தசையும் கண்ணும் அப்போதும் வேலை செய்யும். ஆபத்தில்லை. தூக்கம் கெட்டாலும், மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும்.

கேட்டலெப்சி தனி நோயல்ல, ஓர் அறிகுறி. கடுமையான மனநோய்கள் சிலவற்றில், நாம் தூக்கிவைத்த கை அப்படியே மெழுகுபோல நிற்கும். நாடியும் மூச்சும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடிப்படை நோயைப் பொறுத்து மருந்தும் உண்டு. செத்தவர்போல மணிக்கணக்கில் கிடப்பது சினிமாவுக்காகச் செய்தது.

இன்று மரணத்தை உறுதிசெய்யும்போது மருத்துவர் இதயத்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்கள் தொடர்ந்து கவனிப்பார், கண் பாப்பாவில் வெளிச்சம் அடிப்பார், சந்தேகம் இருந்தால் இசிஜி எடுப்பார். உடல் மிகக் குளிர்ந்திருந்தாலோ, தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப் போயிருந்தாலோ நாடி பிடிபடாமல் போகலாம். அங்கே அவசரப்படக் கூடாது என்பது எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித்தரும் பாடம்.

இனி படத்துக்கு வருகிறேன், என் கவலை அங்கேதான். 1962-ல் ரோஜர் கார்மன் குறைந்த செலவில் எடுத்தது. செட்டு முழுக்கப் புகைமூட்டம், நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். கதாநாயகன் ரே மிலண்ட் தனக்கென்று ஒரு கல்லறை கட்டுவாரே, நினைவிருக்கிறதா? உள்ளிருந்து திறக்கும் சவப்பெட்டி, ஏறித் தப்ப ஏணி, டைனமைட், எதுவும் பலிக்காவிட்டால் கடைசியில் விஷக் கோப்பை. இத்தனை செய்தும் பயம் குறைந்ததா? கனவில் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது, கோப்பையில் புழு நெளிகிறது. நீங்கள் வாங்கிய சத்தியம் அந்த ஏணி. தினம் பிடிக்கும் நாடி அந்த டைனமைட். ஒவ்வொரு ஏற்பாடும் மூளைக்கு ‘ஆபத்து உண்மைதான்’ என்று சொல்லிக்கொடுக்கிறது.

படத்துக்கு மூலமான எட்கர் ஆலன் போவின் 1844-ஆம் ஆண்டுக் கதை வேறு மாதிரி முடிகிறது. கேட்டலெப்சி உள்ள அதன் நாயகன் இருட்டில் விழிக்கிறான். தலைக்கு மேல் பலகை, மூக்கில் மண் வாசனை. அலறுகிறான். பார்த்தால், தோட்ட மண் ஏற்றிய படகு ஒன்றின் குறுகிய படுக்கையில்தான் தூங்கியிருக்கிறான். அன்றோடு மருத்துவப் புத்தகங்களைத் தூக்கி எறிந்துவிட்டு வெளிக்காற்றில் நடக்க ஆரம்பிக்கிறான். பயம் போகிறது, பின்னாலேயே நோயும் போகிறது. நோயால் பயம் வந்ததைவிட, பயத்தால்தான் நோய் வந்ததோ என்று அவனே யோசிக்கிறான். மனநல மருத்துவம் வளராத காலத்தில் எழுதியது இது!

ஆகவே இன்றே உங்கள் மனைவியை அந்தச் சத்தியத்திலிருந்து விடுவியுங்கள். பாவம், அவரும் தூங்கவேண்டும். நாடி பார்ப்பதை ஒரேயடியாக விட முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, பிறகு நிறுத்துங்கள். ஒருக்களித்துப் படுங்கள், நேரத்தோடு தூங்குங்கள். ஒரு மாதம் கழித்தும் பயம் விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள், பேச்சு வழிச் சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கினாலோ தாமதிக்காமல் நரம்பியல் நிபுணரிடம் போங்கள்.