விலை குறைந்த வாட்ச்களுக்குத் தோல் வார் போட்டால் சில மாதங்களிலேயே பிய்ந்துவிடுகிறது. நல்ல வாரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"மூவாயிரம் ரூபா வாட்சுக்கு எண்ணூறு ரூபாய்ல வாரா?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். நீங்களும் வாயை மூடிக்கொண்டு 250 ரூபாய் வாரை ஆன்லைனில் வாங்கியிருப்பீர்கள். அது இப்போது செதில் செதிலாக உரிகிறது. சரிதானே? தப்பாக இருந்தால் மன்னிக்கவும், நான் வந்த பாதை அதுதான்.

நான் வாட்ச் மெக்கானிக் இல்லை, தோல் வியாபாரியும் இல்லை. ஒன்பது வருடத்தில் பதினான்கு வாட்ச் சேர்த்திருக்கிறேன். ஒரு சீக்கோ 5-ஐத் தவிர எதுவும் ஐயாயிரத்தைத் தாண்டாது. "இதெல்லாம் ஒரு கலெக்‌ஷனா?" என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

பதினான்கில் முதலாவது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் தொழிலை மூடிவிடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது. செய்தி வந்த அன்று அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இனிமே இதுக்குப் பார்ட்ஸ் கிடைக்காதுடா, பத்திரமா நீயே வெச்சுக்க" என்று கழற்றிக் கொடுத்தார்.

நான் பத்திரமாக வைத்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். பழைய வார் நைந்திருந்தது. பழுப்பு நிறத்தில் 'ஜெனுயின் லெதர்' என்று முத்திரை குத்திய ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஜனதாவின் லக், அதாவது வார் மாட்டும் இடைவெளி, 18 மில்லிமீட்டர். வந்ததோ 20. திருப்பி அனுப்பச் சோம்பல். ஷேவிங் பிளேடால் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் சீவி, வாரை வாட்சோடு பிடித்து வைக்கும் பழைய கம்பிப் பின்னையே போட்டு மாட்டிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சீவும்போது ஓரத் தையலையும் சேர்த்து அறுத்திருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பின்னைச் சுற்றி மடித்த இடம் அதன்பிறகு வெறும் பசையில்தான் நின்றது. சென்னை ஏப்ரல் வியர்வையில் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் காலை கிண்டி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போது கை லேசானது. "சார், வாட்ச்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினார். நல்லவேளை, தண்டவாளத்தில் விழாமல் பிளாட்பாரத்தில் விழுந்தது. கண்ணாடி விரிசல், சாவித் தண்டு வளைந்துவிட்டது.

எங்கள் தெரு முனையில் வாட்ச் கடை வைத்திருக்கும் பாய் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாரைத்தான் எடுத்து, பிய்ந்த இடத்தை நகத்தால் பிரித்துக் காட்டினார். மேலே காகிதம் மாதிரி ஒரு படலம், நடுவில் தூளும் பசையும் சேர்ந்த அட்டை, அடியில் மெல்லிய ரெக்சின். "இதுல தோல் எங்க இருக்கு தம்பி?" என்றார். ஓடாத இன்னொரு எச்.எம்.டி.யிலிருந்து தண்டைக் கழற்றிப் போட்டுத் தந்தார். ஒரு மாதம் வரை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

அதனால் என் முதல் யோசனை: வெட்டு விளிம்பைப் பாருங்கள். முத்திரையை நம்பாதீர்கள், அது எதற்கும் உத்தரவாதம் இல்லை. தோல் துகளை அரைத்துப் பசையில் ஒட்டிய வாரிலும் அந்த முத்திரையைப் பார்த்திருக்கிறேன். நல்ல தோலின் விளிம்பில் நார் நாராகத் தெரியும். கெட்டியாகப் பெயின்ட் பூசி விளிம்பை மறைத்திருந்தால் வாரை மடக்கிப் பாருங்கள். உண்மைத் தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறையும். மற்றதில் கோடு விழுந்து அப்படியே நிற்கும்.

அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள், கண்ணளவு வேண்டாம். ஓரியன்ட் கம்பெனியின் சில பம்பினோ மாடல் வாட்ச்களில் 21 மில்லிமீட்டர் என்று ஒரு விசித்திரமான அளவு இருக்கிறது. அதற்கு 20 போட்டால் இடைவெளி பல்லிளிக்கும், 22 போட்டால் கசங்கும்.

கிண்டி சம்பவத்துக்குப் பிறகு நான் பெரியமேட்டுக்குப் போனேன். தோல் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கும் இடம். தோல் அங்கே சதுர அடிக் கணக்கு. வாருக்கு நீளமாக ஒரு துண்டு போதும் என்பதால் கழிவுத் துண்டுகளைக் கிளறி எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் கொடுத்தது ஈ.ஐ. தோல். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவது, புவிசார் குறியீடு வாங்கியது. அந்தக் காலத்தில் நம் ஊர் ஆவாரம்பட்டையில்தான் ஊறவைப்பார்கள். இளம் மஞ்சள் நிறத்தில், ஆரம்பத்தில் விறைப்பாக இருக்கும். கையில் கட்டக் கட்டக் கருத்துப் பழுப்பாகிறது. அதில் நானே ஊசி நூலால் தைத்து ஒரு வார் செய்தேன். அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான்கு வருடமாகப் பிய்யவில்லை.

குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதிலாக குரோமிய உப்பில் பதனிட்ட தோல், மட்டம் என்று நான் சொல்லவில்லை, அதற்குள் சண்டைக்கு வராதீர்கள். தண்ணீரை அது இன்னும் நன்றாகத் தாங்கும், முதல் நாளிலிருந்தே மிருதுவாகவும் இருக்கும். பட்டையில் பதனிட்ட தோல் வியர்வையைக் குடிக்கும், திட்டுத் திட்டாகக் கறுக்கும். அது பிடிக்காதவர்கள் குரோமே வாங்கலாம். எதுவானாலும் ஒரு நாள் கட்டினால் மறுநாள் காயவிடுங்கள். ஒன்றுக்கு மேல் வாட்ச் வைத்திருப்பதற்கு நான் வீட்டில் சொல்லும் காரணமும் இதுதான். மே மாதத்தில் வெளியே அலைகிற வேலை என்றால் தோலை மறந்துவிட்டு நைலான் வார் போடுங்கள்.

வீடு என்றதும் என் சகலை ஞாபகம் வருகிறது. போன தீபாவளிக்கு எல்லார் முன்னாலும், "இந்தப் பதினாலையும் சேர்த்தா ஒரு நல்ல வாட்ச் வாங்கியிருக்கலாமே" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தம் அவர் கையிலிருந்த போனில் பாதி விலைகூட வராது. அந்த மனிதர் எங்கள் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். அட்டைப்பெட்டிக்குள் "மணமக்களுக்கு வாழ்த்துகள்" என்று வேறு யாரோ அவருக்கு எழுதிய அட்டை அப்படியே இருந்தது. அவர் பெண்ணின் சடங்குக்கு நாங்கள் தங்கக் காசு வைத்தோம். இதை இங்கே சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் சொல்ல வேறு இடம் இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. கடை வார்களில் பெரும்பாலும் பக்கிள் பக்கம் 75, ஓட்டைப் பக்கம் 115 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். என்னைப் போல ஒல்லிக் கை என்றால் கடைசி ஓட்டையிலும் தளரும். கூடுதல் ஓட்டையைச் செருப்புத் தைப்பவரிடம் போட்டுக்கொள்ளுங்கள், பத்து இருபது ரூபாய்தான் கேட்பார். வீட்டில் ஆணியை வைத்து அடிக்காதீர்கள். ஜனதாவில் நான் அடித்த ஓட்டை கோணல். அதைத்தான் அப்பா ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்கிறார்.