வகுப்பறைக்கு வரும் நூல்கள்: பதிப்புரிமை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மதுரைக்கு அருகில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒரு பருவத்துக்கு ஐந்து திறனாய்வு நூல்களிலிருந்து ஒவ்வோர் இயலை நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். பத்து விழுக்காட்டுக்கு மேல் நகலெடுத்தால் குற்றம் என்று உடன் பணிபுரிபவர் எச்சரிக்கிறார். மேலும், முதலாண்டு மாணவர்களுக்காகத் துறையின் சார்பில் ஒரு செய்யுள் திரட்டை அச்சிட்டு விற்க இருக்கிறோம். ஆசிரியர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதுமா?
உதவிப் பேராசிரியை, திருமங்கலம்

பதில்: பத்து விழுக்காடு என்ற வரம்பு இந்தியச் சட்டத்தில் இல்லை. வேறு நாடுகளில் வழங்கும் அளவுகளைக் கேள்விப்பட்டு நாமே நமக்கு விதித்துக்கொண்ட தடை அது. அதற்கு அஞ்சி நல்ல ஆசிரியர்கள் பலர் மாணவர்களுக்குத் தர வேண்டியதைத் தராமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வினாத்தாளில் ஒரு பகுதியைக் கொடுப்பதற்கும், விடையில் அதை எடுத்தெழுதுவதற்கும் அதே பிரிவில் இடம் உண்டு.

இந்தச் சொற்களின் பொருள் என்ன என்பது டெல்லியில் நடந்த ஒரு வழக்கில்தான் விரிவாக ஆராயப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஷ்வரி என்ற பெயரில் இயங்கிய நகலகம், பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதை எதிர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு மேல்முறையீட்டை விசாரித்து, கற்பித்தல் என்பது வகுப்பறையில் மணியடித்து மணியடிக்கும் வரை நடப்பது மட்டும் அன்று என்றும், நகலின் அளவுக்குப் பக்கக் கணக்கு கிடையாது என்றும், பாடத்துக்கு அது தேவைதானா என்பதே அளவுகோல் என்றும் கூறியது. பாடத்திட்டத்தில் குறிக்கப்படும் முப்பது நாற்பது நூல்களையும் ஒரு மாணவர் விலைகொடுத்து வாங்குவார் என எதிர்பார்க்க முடியாது என்பதையும் அந்த அமர்வு கருத்தில் கொண்டது. அந்தத் தொகுப்புகளில் இருந்தவை அனைத்தும் பாடத்துக்குத் தேவையானவையா என்பதை விசாரிக்கும்படி அமர்வு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அந்த விசாரணை நடக்கவே இல்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே இப்படியொரு வழக்கு வந்தால் நீதிபதியின் முன் முதலில் வைக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே நீங்கள் கொடுக்கும் ஐந்து இயல்களைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த இயல் எந்த அலகுக்கு உரியது என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வையுங்கள். தேவைக்குச் சான்று அதைவிட வேறில்லை. மாணவர்கள் வாங்கிப் படிக்க வேண்டும் என்றே கடையில் விற்கப்படும் பாடநூலை முழுவதுமாக ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இதனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்யுள் திரட்டுக்கு வருவோம். மாணவர் கையில் நகல் கொடுப்பது வேறு, நூலாக அச்சிட்டு விலை வைப்பது வேறு. கல்விக்கான திரட்டு நூல்களுக்குச் சட்டம் தனியாக ஒரு சலுகை தருகிறது. ஆனால் அது குறுகலானது. திரட்டின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாத படைப்புகளாக இருக்க வேண்டும், உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளை மட்டுமே எடுக்க வேண்டும், ஒரே ஆசிரியரின் எழுத்திலிருந்து ஐந்து ஆண்டுகளில் இரண்டு பகுதிகளுக்கு மேல் ஒரே பதிப்பாளர் வெளியிடக் கூடாது. புதுக்கவிதைப் பகுதியில் இன்று எழுதிவரும் ஒருவரின் நான்கு கவிதைகளை முழுமையாகச் சேர்த்தால் இந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. பெயர் போடுவது ஆசிரியருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. அதுவே அனுமதி ஆகிவிடாது. ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதிக் கேளுங்கள். தம் கவிதை பாடமாகிறது என்றால் பெரும்பாலான கவிஞர்கள் மகிழ்ந்து இசைவார்கள் என்பது என் நம்பிக்கை. கேட்காமல் எடுப்பதுதான் அவர்களைப் புண்படுத்தும்.

பழைய எழுத்துகளுக்குக் கணக்கு எளிது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார் என்பதால் இந்தக் கணக்குப்படி உரிமை 2014-இன் முடிவு வரை இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை அரசு 1949-இலேயே பெற்று, பின்னர் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. அதன் பின்னர் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களின் பட்டியலும் நீண்டது. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: சங்கப் பாடலுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும், அதற்கு இன்று வாழும் ஒருவர் எழுதிய உரைக்கு உரிமையாளர் உண்டு. மூலம் மட்டும் வேண்டுமென்றால், தன்னார்வலர்கள் 1998 முதல் இணையத்தில் வளர்த்துவரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

கேள்வி: கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மாணவர்கள் பாடநூலைக் கொண்டுவந்து முழுவதும் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். நாங்களே சில நூல்களை ஸ்பைரல் போட்டு அடுக்கி வைத்திருந்தால் விரைவாக விற்கும். வைக்கலாமா?
கடை உரிமையாளர், கோரிப்பாளையம்

பதில்: அடுக்கி வைக்காதீர்கள். பேராசிரியர் குறித்துத் தந்த பகுதிகளை மாணவருக்காக எடுத்துக் கொடுப்பதை டெல்லி வழக்கில் நீதிமன்றம் ஏற்றது. அங்கே நகலெடுக்கும் கை யாருடையது என்பது பொருட்டாகவில்லை. நூல்களை முழுமையாக நகலெடுத்துச் சரக்காக விற்பது கற்பித்தல் அன்று, வணிகம். இதற்குச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு குறைந்தது ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இந்தக் குற்றத்துக்குக் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம் என்றும், இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றும் 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. துறைத்தலைவரின் கையெழுத்தோடு வரும் பாடப்பகுதிப் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதில் உள்ளவற்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: வகுப்பில் திரைப்படம் காட்டலாமா? பாடங்களை யூடியூபில் ஏற்றலாமா?
கௌரவ விரிவுரையாளர், மேலூர்

பதில்: கல்லூரியின் செயல்பாட்டில் ஒரு பகுதியாகப் படம் காட்டலாம். பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், கல்லூரிச் செயல்பாட்டோடு தொடர்புடையோர் ஆகிய அளவில் நிற்க வேண்டும். ஊர் மக்களை அழைத்துக் கட்டணம் வாங்கினால் இந்தச் சலுகை பொருந்தாது. யூடியூபில் உங்கள் பேச்சு உங்களுடையது. அதில் இடைஞ்சல் இல்லை. பிறருடைய நூலின் பக்கங்களையும் வரைபடங்களையும் முழுத்திரையில் காட்டி உலகம் முழுவதும் பார்க்கும்படி வைத்தால் அது உங்கள் மாணவர்க்கான கற்பித்தல் என்று வாதிடுவது கடினம். அத்தகைய பக்கங்களைக் கல்லூரியின் கூகுள் கிளாஸ்ரூமில் உங்கள் வகுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, யூடியூப் பதிவில் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் காட்டி, விளக்கத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் மேற்கோளாகப் படியுங்கள்.