அதுவே சொல்லுமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எங்கள் வீட்டு நாய் பிரவுனிக்கு ஒன்பது வயது. போன வாரம் குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி மாதிரி கையில் தட்டுப்பட்டது. தொட்டால் வலிக்கவில்லை, சாப்பாடும் குறையவில்லை. மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். லிம்ஃபோமா என்று வந்திருக்கிறது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோயாம். குணமாகாது, கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளலாம், வேண்டாமென்றால் ஸ்டீராய்டு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாம், எப்படியும் திங்கள்கிழமை மாத்திரையை ஆரம்பித்துவிடுவோம் என்றார்.

கீமோ கொடுத்து அதை வதைக்க வேண்டாம் என்கிறாள் என் மனைவி. தெரிந்தவர் ஒருவர் இயற்கை மருத்துவத்தில் குணமாகும் என்கிறார். இன்னும் முன்னாலேயே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அலுவலகத்தில் ஒருநாள் அழுதுவிட்டேன். "நாய்க்குப் போயா?" என்று சிரித்தார்கள். ஏழு வயது மகளிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. கடைசி நேரம் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா, "வாயில்லா ஜீவன், நேரம் வந்தா அதுவே சொல்லும்" என்று முடித்துவிடுகிறார். அது எனக்கும் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

கீமோ கொடுக்கலாமா, வேண்டாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் அம்மா சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே இந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. இடுப்பெலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்ப் போய் அடிவயிறு வெந்து சிவந்திருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதன் தலையைத் தடவிக்கொண்டே, "இன்னும் அதுக்குப் போக மனசில்லை. நேரம் வந்தா சொல்லும்" என்றார். விருந்துக்குப் போன இடத்தில் என்னத்தைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களிடம் அப்படி இருக்க வேண்டியதில்லை.

சொல்லாது, தம்பி. எந்த நாயும் சொல்லாது.

காலை மிதித்துவிட்டால் நாய் கத்தும். மாதக்கணக்காக உள்ளே அரிக்கும் வலிக்குக் கத்தாது. கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் குறைத்துக்கொள்ளும், படியேறுவதை விட்டுவிடும், ஒதுங்கிப் படுக்கும். நாம் வயசாகிவிட்டது என்போம். வாலாட்டுகிறதே என்பீர்கள். வாலை ஆட்டுவது உங்களைப் பார்த்ததற்காக. அதை வைத்து உடம்பு சௌகரியமாக இருக்கிறதென்று கணக்குப் போட முடியாது. சாப்பிடுகிறதே என்பீர்கள். திங்கள்கிழமை ஆரம்பிக்கப்போகும் ஸ்டீராய்டு அனேகமாக பிரெட்னிசோலோனாக இருக்கும். பசியைக் கிளப்பிவிடும் மருந்து அது. தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைக்கும். அப்போது தட்டைக் காலி செய்வது மாத்திரையின் பசி. அதைப் பார்த்துவிட்டு "இன்னும் நேரம் வரவில்லை" என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நல்ல உயரம், கனத்த தலை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பில் புற்றுநோய். பெரிய ஜாதி நாய்களுக்கு வழக்கமாக வருகிற இடம்தான். காலை எடுத்துவிட்டால் வலி போகும், மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடும். ஆனால் எங்களுக்குத் தெரிந்தபோது நுரையீரலுக்கும் போயிருந்ததால் அந்தப் பேச்சை விட்டாகிவிட்டது. அப்பா ராத்திரியில் அதன் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். இருட்டில் தரையில் நகம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். படுப்பதற்காக முன்னங்காலை மடக்கப் பார்க்கும், பாதியில் நிறுத்தும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றும், மறுபடி மடக்கப் பார்க்கும். கடைசியில் முகவாயைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கண்ணை மூடும். விடிந்ததும் அப்பாவைப் பார்த்து வாலை ஆட்டும். "பாரு, எப்படி இருக்கான்னு. அவனுக்கா தோணும்போது சொல்லுவான்" என்பார்.

ஒருநாள் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். அப்பா வாலாட்டும் கதையைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "காலைல ஆட்டுறது இருக்கட்டும் சார், ராத்திரி எங்க படுக்குது?" என்றார். அப்பா பேசவில்லை. அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா, "படுக்கிறதே இல்லைங்க" என்றாள். எலும்பு இப்போது முட்டை ஓடு மாதிரி இருக்கும், தானாகவே ஒடிந்துவிடலாம், அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றார் அவர். அன்று சாயங்காலமே ஊசி போட்டார். அப்பாதான் தலையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பல வருடங்கள், யார் கேட்டாலும், "அவனே சொல்லிட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது அம்மா.

உங்களுக்கு அது ஏன் ஆறுதலாக இருக்கிறது தெரியுமா? முடிவெடுக்கிற வேலை உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. எப்போது சாப்பிட வேண்டும், எங்கே படுக்க வேண்டும், குட்டி போடலாமா கூடாதா, இதையெல்லாம் பிரவுனியைக் கேட்டா முடிவு செய்தீர்கள்? ஒன்பது வருடம் எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்துவிட்டு, ஆகக் கடினமான ஒன்றை மட்டும் அதன் தலையில் கட்டுகிறீர்கள். பாசம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் இதை இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டாம், அவருக்கும் அந்த நாயைப் பிரிய மனசில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தூக்கத்தைப் பாருங்கள். அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈறின் நிறத்தைப் பாருங்கள். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, படுத்து எழுந்து படுத்து எழுந்து அலைகிறதா என்று பாருங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் இதற்கென்று ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது, ஆக ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், நிலைமை நன்றாக இருக்க இருக்க எண் கூடும். கூட்டினால் 35-க்கு மேல் இருக்கும் வரை ஓரளவு பரவாயில்லை. வலி என்ற தலைப்பில் மூச்சு விடும் சிரமமும் சேரும். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குறிக்க வேண்டியிருப்பதுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது. மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினால் தெரியும். நீங்கள் தனியாகவும் உங்கள் மனைவி தனியாகவும் குறியுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. வாரக் கடைசியில் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அந்த நாள் வரும்போது அறையை விட்டு வெளியே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. "என்னால பாக்க முடியாது" என்று வாசலில் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர். உள்ளே அந்த நாய் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். வழக்கமாக முதலில் ஒரு மயக்க ஊசி. நன்றாக அசந்த பிறகு ரத்தக்குழாய் வழியாக பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. அதற்குப் பிறகும் ஓரிரு முறை மூச்சு வாங்குவது போல உடம்பு இழுக்கலாம், சிறுநீர் போகலாம். அப்போது அதற்கு எந்த உணர்வும் இருக்காது. ஒரு பழைய துணியை அடியில் விரித்துவையுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னாலேயே கவனித்திருந்தால் என்ற யோசனையை விடுங்கள். லிம்ஃபோமாவில் கட்டி வலிக்காது, நாயும் வழக்கம்போல ஓடியாடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் குளிப்பாட்டும்போதுதான் கண்ணில் படுகிறது. இரண்டு வாரம் முன்னால் தெரிந்திருந்தாலும் மருத்துவர் இதையேதான் சொல்லியிருப்பார். இயற்கை மருத்துவத்தில் குணமாகும் என்ற ஆளின் தொலைபேசியை ஒரு மாதத்துக்கு எடுக்காதீர்கள். வீட்டிலிருக்கும் நமது வலி மாத்திரைகளையும் தராதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், பிரவுனிக்குக் குணமாகாத வியாதி என்று. கடைசியில் "தூங்கிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் குழந்தை தூங்கவே பயப்படும்.

சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் 1914-இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 வருடங்களுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் எழுதினார்கள்: அதற்கு டிஸ்டெம்பர் என்ற, நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்திருக்கிறது, யாராவது ஊட்டிச் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்க முடியாது. வேட்டைக்கு உதவாத, நோயாளிக் குட்டி. அதற்கு அந்தக் காலத்திலேயே ஆள் இருந்திருக்கிறது. அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள், அதற்கும் சிரிப்பார்கள். விடுங்கள்.

ஆமாம், கீமோ. சிகிச்சையே இல்லாமல் விட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். லிம்ஃபோமாவில், எந்த வகை வெள்ளை அணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து, பி-செல், டி-செல் என்று இரண்டு முக்கிய வகை. நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோ முறையில், பி-செல் வகை என்றால் பாதி நாய்களாவது ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கின்றன. டி-செல் வகை என்றால் அதைவிடக் குறைவு. மனிதர்களுக்குக் கொடுப்பது போல உடம்பைப் புரட்டிப்போடும் அளவில் நாய்க்குக் கொடுப்பதில்லை. இருக்கிற காலம் நன்றாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டாது. ஓரிரு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சில நாய்களுக்கு அதைவிடக் கடுமையாகவும் ஆகலாம். ஆகவே வதைப்பது என்று உங்கள் மனைவி நினைப்பது முழுக்கச் சரியில்லை. ஆனால் மாதக்கணக்கில், பெரும்பாலும் வாராவாரம், மருத்துவமனைக்கு அலைய வேண்டும். நானாக இருந்தால் நாயைப் பார்த்துத்தான் சொல்வேன். மருத்துவமனை வாசலிலேயே நடுங்கும் நாயென்றால் வேண்டாம். அங்கேயும் வாலாட்டிக்கொண்டு போகிற நாயென்றால் கொடுப்பேன். கையில் காசில்லை என்றால் அதுவும் சரியான காரணம்தான், யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். ஸ்டீராய்டை முதலில் தனியாக ஆரம்பித்துவிட்டால், பிறகு மனம் மாறிக் கீமோ கொடுக்கும்போது அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். புற்றுசெல்கள் மருந்துக்குப் பழகிவிடும். அதனால் கீமோவா இல்லையா என்பதை முதல் மாத்திரைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். திங்கள் வரை காத்திருக்காமல் நாளைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, பி-யா டி-யா என்று பார்த்தாயிற்றா, மாத்திரையை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா