தமிழிலும் 'கல்', இந்தியிலும் 'கல்': இரண்டும் ஒரே சொல்லா?

இல்லை. தமிழில் 'கல்' பாறைத் துண்டு. இந்தியில் அதே ஒலி நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். நம் 'கல்' திராவிடச் சொல், கன்னடத்திலும் 'கல்லு'தான். இந்திச் சொல்லோ, விடியலைக் குறித்த 'கல்ய' என்ற சமஸ்கிருதச் சொல் தேய்ந்து உருவானது. மொழிகள் எடுத்தாளும் ஒலிகள் குறைவு. அதனால் குட்டிச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகின்றன. இரண்டு ஊர்களில் ஒரே எண் பஸ் ஓடுவதைப் போல: எண் ஒன்று, போகும் இடம் வேறு.

ஒலியோடு பொருளும் ஒத்திருந்தால் உறவு உறுதி என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் தவறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபரம் மொழியில் நாயின் பெயர் 'டாக்'. எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது! அது ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. 'குடக' என்ற பழைய சொல் அந்த மண்ணிலேயே சுருங்கிப் பிறந்தது.