ரங்கூன் கணக்கும் மான் தலையும்

அன்புள்ள ஐயா,

நான் காரைக்குடிக்காரன். இப்போது பெங்களூரில் ஐடி வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஜெனரேட்டர் வண்டி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டிராலி தண்டவாளம், தேக்குத் தூணில் ஆணி. வயிறு எரிந்தது. இந்த ஜமீன் காலத்து மாளிகைகளை அரசு பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்துப் படப்பிடிப்பை அடியோடு தடை செய்ய வேண்டாமா? சினிமா இவற்றைக் காப்பாற்றுகிறதா, அழிக்கிறதா? முடிந்தால் எந்தப் படம் எந்த வீட்டில் எடுக்கப்பட்டது என்று ஒரு பட்டியலும் தாருங்கள்.

க., பெங்களூரு

அன்புள்ள க.,

பட்டியல் எனக்கு வராத வேலை. காரைக்குடியில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் போதும், ஓட்டுபவரே நடிகர் பெயரோடு சொல்லிக்கொண்டு வருவார்.

தடை பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை தனியார் வீடுகள் தம்பி. மதுரை நாயக்கர் மகால் மாதிரி தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை அல்ல. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். சந்தோஷம். ஆனால் ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்ற யுனெஸ்கோ வராது. அங்கே கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் தனிக் குடும்பக் கணக்கு, 'புள்ளி' என்பார்கள். மூன்று தலைமுறை போனால் ஒரே வீட்டுக்கு எத்தனை பங்காளி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் டெக்சாஸில். எல்லோரும் கூடிப் பேசி, பணம் போட்டு, ஆள் பிடித்து ஓடு மாற்றுவதற்குள் அடுத்த ஐப்பசி மழை வந்துவிடும். பல வீடுகளுக்கு ஷூட்டிங் வாடகைதான் ஓடு மாற்றுகிற காசு. அதுவும் வராத வீடு இடிபடும்; தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். ஓர் ஆணிக்கு வயிறு எரிகிறவர் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆணி அடிக்கக் கூடாது, தண்டவாளத்துக்கு அடியில் பலகை போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 'ஜமீன் காலத்து மாளிகைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியில் பிறந்த நீங்கள்! சென்னைக்காரர் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போன வாரம்தான் டிவியில் ஒரு படம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எனக்குப் பழக்கமான முகப்பு. அதில் ஊஞ்சல் போட்டு ஒரு மீசைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் அரிவாளோடு ஆட்கள். இந்தப் புகைச்சலோடு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. சிக்கிக்கொண்டீர்கள்.

நாங்கள் குடியிருந்த வீதியில் எதிர்வீடு அப்படிப்பட்ட ஒன்று. இந்த வீதியில் வாசல், அடுத்த வீதியில் கொல்லைக் கதவு. உள்ளே ஓர் ஆச்சி மட்டும் இருந்தார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த வீட்டை ஷூட்டிங்குக்குக் கேட்டு வந்தார்கள். ஆச்சிக்கு விவரம் சொல்லக் கூப்பிட்டால் ஓடுகிற ஆள் நான். முகப்பில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. நடுவில் ஆச்சியின் மாமனார், தலைப்பாகையும் கோட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு சிறு மேசை. ஆர்ட் டைரக்டரின் பையன்கள் அத்தனையையும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு மான் தலையையும் இரண்டு துப்பாக்கிகளையும் மாட்டினார்கள். ஆச்சி வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் உட்கார்ந்து கொட்டான், அதாவது ஓலைக் கூடை, முடைந்துகொண்டிருந்தவர், எழுந்து வந்து பார்த்தார். "எங்க மாமனாரு ரங்கூன்ல கணக்கெழுதுனவுக. துப்பாக்கியக் கண்டா கொல்லைப்பக்கமா ஓடியிருப்பாக" என்றார். பையன்களும் சிரித்தார்கள். ஆனால் மான் தலை இறங்கவில்லை.

மத்தியானம் வளவில், அதாவது நடுமுற்றத்தில், காட்சி. பண்ணையார் ஒரு கூலிக்காரனைத் தூணில் கட்டி வைத்து அடிக்கிறார். நாலைந்து டேக் போயிற்று. ஆச்சி கதவிடுக்கில் நின்று பார்த்தவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இந்த வீட்டுல யாரையும் கை நீட்டி அடிச்சதில்ல தம்பி. எழுதி வாங்கிக்கிருவாக."

அந்த ஒரு வரியில் இருக்கிற கதையை எடுக்கத்தான் இன்னும் யாரும் வரவில்லை.

கேளுங்கள். அந்த வீடுகளைக் கட்டியது நிலக்கிழார்கள் அல்ல, லேவாதேவி செய்த, அதாவது வட்டிக்குப் பணம் கொடுத்த, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். காசு வந்தது பர்மாவிலிருந்து, மலாயாவிலிருந்து, இலங்கையிலிருந்து, சைகோனிலிருந்து. பெட்டியடிப் பையனாக அங்கே வட்டிக்கடைக்குப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தனக்கென்று கடை வைப்பான். போனால் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவது. வீடும் அந்தத் தொழிலுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. திண்ணையில் வந்தவரோடு பேச்சும் கணக்கும். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனி வரவு செலவு. அத்தனை பெரிய வளவு ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்ல அல்ல, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பங்காளிகள் எல்லோரும் கூட. பஞ்சாயத்துக் காட்சியை அதில்தான் எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தேவகோட்டை ஜமீன் இல்லையா என்று உடனே எழுதுவீர்கள். உண்டு. ஒன்றிரண்டு குடும்பங்களுக்குப் பட்டம் இருந்தது. அதை வைத்து எழுபது எண்பது ஊர்களையும் ஜமீன் ஆக்காதீர்கள்.

நிலம் கடைசியில் அவர்கள் கைக்கு வரத்தான் செய்தது, ஆனால் இங்கே இல்லை, ஐராவதிக் கழிமுகத்தில். 1930இல் உலகப் பொருளாதாரம் படுத்தது, நெல் விலை சரிந்தது, பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல் கடைக்காரர் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் கடைசியில் அது 25 சதவீதம். அவர்களில் பலர் நிலத்தைக் கேட்டவர்கள் அல்ல, கொடுத்த பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள். இதை நான் நம்புகிறேன். வயலை இழந்தவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? அவன் கோபமும் நியாயம்தான். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், கணக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1960களில் மிச்சம் இருந்தவர்களும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற எத்தனையோ வீடுகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாத கதை. அடி இல்லை, உதை இல்லை, ஒரு கையெழுத்தில் ஒருவன் வயல் போய்விடுகிறது. இத்தனையையும் விட்டுவிட்டு அந்த வளவில் நிற்க வைத்து ஒருவனைச் சாட்டையால் அடிக்கிறார்கள்!

சினிமாவுக்கு இந்த ஊர் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். சென்னைக்குப் போவதற்கு முன் ஏ.வி.எம். ஸ்டுடியோ நடந்தது காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகைகளில். 1947 பொங்கலுக்கு வந்து பாரதி பாட்டுகளை ஊரெல்லாம் பாட வைத்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். செட்டிநாட்டின் பணத்தையும் ஆட்களையும் பார்த்து வளர்ந்த தொழில் இது. அதற்கா தெரியாது?

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமரா வளவைத் தாண்டாது. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி எல்லாம் மேக்கப் போடவும் யூனிட்டுக்குச் சாப்பாடு வைக்கவும்தான். ஆண்கள் வருஷக்கணக்கில் கடல் தாண்டிப் போய்விட, வீட்டை நடத்தியவர்கள் அந்தக் கட்டுகளில் இருந்த பெண்கள். நெல் அளந்தது, வேலையாளுக்குச் சம்பளம் கொடுத்தது, பெண் பார்த்தது, ரங்கூனுக்குக் கடிதம் எழுதியது. அவர்களில் ஒருத்தியாவது இதுவரை கதாபாத்திரமாக வந்தாளா? ஆரத்தித் தட்டோடு வந்திருப்பாள். என் எதிர்வீட்டு ஆச்சி அன்றைக்குச் சாயங்காலம் வாடகைப் பணத்தை எண்ணி வாங்கி, எந்தப் பங்காளிக்கு எவ்வளவு, ஓட்டுக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி, புரொடக்‌ஷன் மேனேஜரிடம் உடைந்த ஒரு கண்ணாடிக் குடுவைக்குத் தனியாகக் காசு கேட்டு வாங்கினார். அவர் பேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

உங்கள் கேள்வியிலிருந்து எங்கோ போய்விட்டேன். பரவாயில்லை. பட்டியல் போட அவ்வளவு ஆசை இருந்தால் வேறு பட்டியல் போடுங்கள். எந்த வீடு பர்மாவின் மோல்மேன் காசில் எழும்பியது, எது மலாயாவின் ஈப்போ, எது கொழும்பு, கட்டி முடித்த வருஷம் என்ன, இப்போது சாவி யாரிடம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செல்போனை உள்ளே வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லத் தெரிந்த ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்ல மாட்டார்கள், அவசரப்படாதீர்கள். எழுதி அனுப்பினால் இதே தளத்தில் போடுகிறேன். நடிகர் பெயர் ஒன்றுகூட வேண்டாம்.