ராத்திரி வேலையும் இறங்காத சர்க்கரையும்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 46. மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் இரவு 8 மணி முதல் காலை 6 வரை வேலை. வீட்டுக்கு வந்து படுத்தால் பத்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. என்ன செய்ய?"

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? புரோட்டா சால்னா என்றால் பாதிப் பதில் அங்கேயே கிடக்கிறது. இரவில் கணையம் மந்தமாகத்தான் இன்சுலினைச் சுரக்கும். அதனால் பகலில் சாப்பிடும் அதே புரோட்டா ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். ஏழு மணிக்கு வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். நடுவில் பசித்தால் சுண்டலோ அவித்த முட்டையோ போதும். ஒரு மணிக்கு மேல் டீ வேண்டாம்.

மாத்திரைச் சீட்டில் 'காலை சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருப்பது ராத்திரி தூங்குகிறவர்களுக்கு. கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்துவிடும். பத்து மணிக்கு வியர்த்து, படபடப்போடு எழுகிறீர்களா என்று கவனியுங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாமல், டாக்டரிடம் வேலை நேரத்தைச் சொல்லி எழுதி வாங்குங்கள். அப்புறம், விடிகாலை ஐந்து மணிக்குச் சீனி போட்ட டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிறே அல்ல. எட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, தூக்கம். பாம்பன் பாலம் ஏறிக் கிழக்கே வரும்போது உதய வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அது கண்ணில் பட்டதுமே மூளை தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கிவிடும். விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள். கண் சொக்கினால் வண்டியை எடுக்காமல் கம்பெனியிலேயே இருபது நிமிடம் படுத்துவிட்டு வாருங்கள். பாலத்துக் காற்றில் தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். வீட்டில் ஜன்னலுக்குக் கெட்டித் துணி, தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று. பத்து மணிக்கு எழுப்புவது பல வீடுகளில் வெக்கைதான். மதியம் சாப்பிட்ட பிறகு இன்னொரு தூக்கம் போட்டு மொத்தம் ஏழு மணி நேரம் தேற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் வேலை குறைந்து நீங்களும் ராத்திரி தூங்கியிருப்பீர்கள். அது முடியும்போது ஒரு ஹெச்பிஏ1சி, செப்டம்பர் நடுவில் இன்னொன்று எடுத்து இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி வேலை எவ்வளவு ஏற்றுகிறது என்று ஓரளவு பிடிபடும்.