வாசகர் கேள்வி பதில்: காதிஸில் ஆறு இரவு

கேள்வி: என் கணவர் சமீபத்தில் ஓய்வு பெற்றார். முப்பது வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. ஸ்பெயின் போக ஆசை. ஒன்பது நாளில் பார்சிலோனா, மாட்ரிட், கிரனாடா, செவில்லா எல்லாம் காட்டுகிறேன் என்கிறார் பயண ஏஜென்ட். நீங்களோ காதிஸ் என்ற ஒரே ஊரில் கணவரோடு ஆறு இரவு தங்கியதாக எழுதியிருந்தீர்கள். அலுக்கவில்லையா? – ஒரு வாசகி

பதில்: இல்லை சகோதரி. முதல் இரண்டு நாள்தான் கொஞ்சம் தவிப்பு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளுக்கும் மணி வாரியாகப் பட்டியல் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். மதியம் இரண்டரைக்குக் கிளம்பினால் தெருவில் ஈ காக்கை இல்லை. பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. ஐந்து மணிக்கு மேல்தான் திரும்பத் திறந்தார்கள். மூன்றாம் நாள் லெவாந்தே என்கிற கிழக்குக் காற்று வீச ஆரம்பித்து அறை ஜன்னல் படபடவென்று அடித்தது. இவர் அந்தப் பட்டியலை நாலாக மடித்துச் சட்டத்தின் இடுக்கில் செருகினார். கிளம்பும்வரை அது அங்கேதான் இருந்தது.

கடலுக்குள் நீட்டிய நாக்கு மாதிரி நிலம் காதிஸ். பினீசிய வணிகர்கள் வந்து குடியேறி மூவாயிரம் வருடம் ஆகிறது என்பார்கள். பழைய ஊரின் மேற்கு ஓரத்தில் லா கலேத்தா என்ற சின்னக் கடற்கரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோட்டை. கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் புது நகரத்து நீளமான கடற்கரைகளில் மணல் முகத்தில் குத்தும். இங்கே அவ்வளவு தெரியாது. எங்கள் ஆறு நாளும் பெரும்பாலும் இங்கேதான் கழிந்தது.

மத்தியதரைக் கடலோர ஊர்களில் நீர் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாது. காதிஸ் கடல் அட்லாண்டிக். காலையில் மிதந்த சின்னப் படகுகள் நீர் வடிந்ததும் ஈர மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். தளர்ந்த கயிற்றில் பச்சைப் பாசி. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் விரல்நுனி அளவு மீன்கள். இவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் குனிந்து அவற்றையே பார்த்தார். நான் மணலில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். பின்கழுத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது. வீட்டில் தினமும் பக்கத்தில் இருந்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

சாயங்காலம் வயதான பெண்கள் மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்காருவார்கள். நாம் தம்போலா என்கிறோமே, அந்த விளையாட்டு. ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இருந்தாலும் 1940லிருந்து ஸ்பெயின் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. அதனால்தான் இந்த நீண்ட மாலை. அதுவரை எதிரே, பழைய மோரா மருத்துவமனைக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய ஃபைகஸ் மரங்களின் நிழலில் இருப்போம். நம் ஆலமரத்துக்குச் சொந்தக்கார மரம். அந்த வேர்களைப் பார்த்ததும் எனக்கு ஊர் அந்நியமாகவே தோன்றவில்லை.

பார்க்க இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1722ல் தொடங்கி 1838ல் முடித்த பேராலயம் இருக்கிறது. மூட்டு வலி இல்லையென்றால் தவீரா கோபுரம் ஏறலாம், மொட்டை மாடிகளும் கடலும் சேர்ந்து தெரியும். அரை மணிப் படகில் எல் புவெர்த்தோ என்ற பக்கத்து ஊருக்குப் போய் வரலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ஏஜென்டிடம் நாலு ஊரை இரண்டாக்கச் சொல்லுங்கள். செவில்லாவில் இரண்டு இரவு, மீதி காதிஸ். நடுவில் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்தான். பெட்டி கட்டிப் பெட்டி பிரித்தே ஒன்பது நாளைத் தீர்த்துவிடாதீர்கள். முப்பது வருடம் காத்திருந்திருக்கிறீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – ஒரு வாசகர்

பதில்: எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் என்று கேளுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு போட்டு வரும். இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் வெயிலுக்கு அருமை. சல்மொரேகோ என்ற கெட்டியான தக்காளி சூப் என்றால் மேலே பன்றி இறைச்சியும் முட்டையும் தூவுவார்கள். 'சின் ஹமோன், சின் வெவோ' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காய்கறி சாலட்டிலும் சூரை மீன் போடுவது வழக்கம், கவனம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் தோர்த்தியீத்தாவை விடக் கூடாது. கடலை மாவும் கோதுமை மாவும் நீர்க்கக் கரைத்து, கூனி இறாலை ஓட்டோடு போட்டு, கரண்டியால் எண்ணெயில் விடுவார்கள். ஓரம் வலை மாதிரி விரிந்து மொறுமொறுவென்று வரும். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் களைகட்டும் என்பதால் ஆறு மணிக்கு ஏதாவது சாப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். கணவன் மனைவி என்றாலும் விண்ணப்பம் தனித்தனி. கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது சிரமம், அதனால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.